மூன்றாவது சுற்றில் கை இறங்கிவிடுகிறது: குத்துச்சண்டை ஆடுபவர் எடைப் பயிற்சி செய்யலாமா?

கேள்வி: ஒற்றியூர்த் தென்றல்

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பெண்கள் 54 கிலோ பிரிவில் குத்துச்சண்டை ஆடுகிறேன். இன்னும் பத்து வாரத்தில் மாநில அளவிலான போட்டி ஒன்று இருக்கிறது. முதல் சுற்று நன்றாகப் போகிறது, இரண்டாவதை எப்படியோ சமாளித்துவிடுகிறேன். மூன்றாவது சுற்றில் ஒரு நிமிடம் கடந்ததும் இடது கை கன்னத்தை விட்டு இறங்கிவிடுகிறது. எதிராளியின் வலது கை வருவது கண்ணுக்குத் தெரிந்தும் விலகக் கால் வருவதில்லை.

வாரத்தில் ஆறு நாள் காலை ஐந்தரை மணிக்கு 8 கிலோமீட்டர் ஓடுகிறேன். மாலையில் கிளப்பில் இரண்டு மணி நேரம் ஸ்கிப்பிங், ஷேடோ (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது), பேக் (தொங்கும் மூட்டையைக் குத்துவது), பேட் (மாஸ்டர் கையில் பிடிக்கும் மெத்தையைக் குத்துவது) என்று போகும். செவ்வாயும் வெள்ளியும் ஸ்பாரிங், அதாவது சக வீராங்கனையோடு பயிற்சி ஆட்டம். இதுவும் போதவில்லை என்று எண்ணி வீட்டருகே ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். அங்குள்ள பயிற்சியாளர் பர்பீ (குந்தி, தண்டால் நிலைக்குப் போய், எழுந்து குதிப்பது), கயிறு உலுக்குதல், இரண்டு கிலோ டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் குத்துதல் ஆகியவற்றை 20 நொடி செய், 10 நொடி நில் என்ற கணக்கில், வாந்தி வரும் அளவுக்குச் செய்ய வைக்கிறார். எங்கள் மாஸ்டரோ, இரும்பைத் தொட்டால் கை இறுகி வேகம் போய்விடும், உடம்பு ஏறி 57 கிலோ பிரிவுக்குத் தள்ளப்படுவாய் என்கிறார். இப்போது என் எடை 57 கிலோ.

எடைப் பயிற்சி எனக்குத் தேவையா? தேவையென்றால் ஓட்டம், கிளப், படிப்பு இவற்றுக்கிடையே அதை எங்கே வைப்பது? கல்லூரி ஜிம்மில் பார்பெல்லும் போதுமான தட்டுகளும் இருக்கின்றன.

பதில் 1: பட்டியாலாக்காரன்

தங்கை தென்றலுக்கு வணக்கம். பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் டிப்ளமோ முடித்த பிறகு குத்துச்சண்டை, ஜூடோ வீரர்களுக்கு உடற்திறன் பயிற்சி அளித்துவருகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பட்டது, உங்களுக்குப் பயிற்சி குறையவில்லை, மிகுந்துவிட்டது என்பதுதான். ஆறு காலை, ஆறு மாலை, அதற்கு மேல் வாந்தி வரும் ஜிம். இதில் எதையும் எடுக்காமல் எடைப் பயிற்சியையும் சேர்த்தால் முதல் சுற்றிலேயே கை இறங்கும்.

மூன்றாவது சுற்றில் நடப்பது என்ன என்று பார்ப்போம். ஒரு சுற்றில் நீங்கள் விடாமல் அடிப்பதில்லை. இரண்டு மூன்று நொடி வெடிப்பாக அடித்து, விலகி, சுற்றி, மீண்டும் நுழைகிறீர்கள். அந்த வெடிப்புக்கான ஆற்றல் தசையில் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. அது செலவான பின் அடுத்த வெடிப்புக்குள் நிரம்ப வேண்டுமானால் ஆக்சிஜன் வேண்டும். அமெச்சூர் வீரர்களைச் சுற்றுக்கு 2 நிமிடம் வீதம் 3 சுற்று ஆடவைத்து மூச்சுக்காற்றை அளந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மொத்த ஆற்றலில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேலே ஆக்சிஜன் வழியாகவே வந்திருந்தது. ஆகவே உங்களிடம் குறைவது 'வலியைத் தாங்கும் மனம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு வெடிப்புகளுக்கு இடையில் மீண்டுவரும் திறன்தான் குறைகிறது. அதை வளர்ப்பது இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலை.

அப்படியானால் தினம் 8 கிலோமீட்டர் ஓடியும் ஏன் வளரவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் அனேகமாக ஆறு நாளும் ஒரே வேகத்தில் ஓடுகிறீர்கள்: சரளமாகப் பேச முடியாத, ஆனால் முழு வேகமும் இல்லாத நடுவாந்தர வேகம். அது களைப்பைத் தருகிறது, மேலே தூக்கிவிடுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள், முழு வாக்கியம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் 40 நிமிடம் ஓடுங்கள். ஒரு நாள் மட்டும் 3 நிமிடம் கடுமையாகவும் 2 நிமிடம் மெதுவாகவும் என நான்கைந்து முறை ஓடுங்கள். கடைசி முறையையும் முதல் முறையின் வேகத்திலேயே ஓட முடிய வேண்டும். முடியாவிட்டால் தொடக்கத்தில் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ஜிம்மில் செய்யும் அந்த 20-10 கணக்கு, ஜப்பானில் இசுமி டபாடா 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. அவர் அதைச் சைக்கிள் மிதிக்கும் கருவியில், மிக அதிகமான, துல்லியமாக நிர்ணயித்த வேகத்தில், ஏழெட்டு முறையோடு நின்றுவிடும்படி செய்யவைத்தார். பர்பீயை அரைகுறையாக அரைமணி நேரம் செய்வதற்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. டம்பெல் குத்துக்கு இன்னொரு கோளாறு உண்டு. கையிலுள்ள எடை தரையை நோக்கி இழுக்கிறதே தவிர, குத்து போகும் திசைக்கு எதிராக இழுப்பதில்லை. ஆகவே உழைப்பது கையை விழாமல் தாங்கும் தோள்பட்டையின் முன்தசை மட்டுமே. போதாக்குறைக்கு, முழங்கை சுண்டிவிடாமல் இருக்கக் கை கடைசியில் தன்னைத்தானே பிடித்து நிறுத்துகிறது. குத்து இலக்கில் இறங்க வேண்டிய இடத்தில் பிரேக் போடுவதைத்தான் நீங்கள் நாள்தோறும் பழகுகிறீர்கள். அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இனி எடைப் பயிற்சி. அனுபவம் மிகுந்த வீரரின் குத்தில் காலின் பங்கு பெரிது, புதியவரின் குத்தில் கையின் பங்கு பெரிது என்று சோவியத் ஆய்வாளர்கள் 1980களிலேயே அளந்து சொன்னார்கள். பிரேசில் தேசிய அணி வீரர்களையும் வீராங்கனைகளையும் வைத்து 2016இல் வெளிவந்த ஆய்வில், எடையுடன் குதிக்கும்போதும் மார்புக்கு மேல் எடையைத் தள்ளும்போதும் வெளிப்பட்ட திறனுக்கும் குத்தின் விசைக்கும் நெருங்கிய தொடர்பு தெரிந்தது. தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தரையிலிருந்து விசையை எழுப்பத் தெரிந்த கால், மூன்றாவது சுற்றிலும் அதே வேகத்துக்குத் தன் கொள்ளளவில் சிறிய பங்கையே செலவிடும்; பயிற்சியின் பயன் அங்கேதான்.

வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 45 நிமிடத்துக்கு மிகாமல் போதும். நின்ற இடத்திலிருந்து முன்னோக்கித் தாவுவதில் தொடங்குங்கள். மும்மூன்றாக நான்கு செட், இடையில் நன்றாக ஓய்வு. பிறகு ஒரு முறை ஸ்குவாட் (தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழுவது), அடுத்த முறை டெட்லிஃப்ட் (தரையிலுள்ள கம்பியைத் தூக்கி நிமிர்வது): ஐந்து முறை வீதம் நான்கு செட், இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்துவது. முதல் இரண்டு வாரம் வெறும் கம்பியோடும் சிறு தட்டுகளோடும் அசைவைப் பழகுங்கள். அதன் பின் புல்-அப், முடியாவிட்டால் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டு புல்-அப். ஒற்றைக் கையால் டம்பெல்லை மேலே தள்ளுவது. கடைசியாக மெடிசின் பால் என்னும் எடைப் பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிவது. பந்து கனமாக இருக்க வேண்டியதில்லை, மூன்று கிலோ போதும், வேகம்தான் முக்கியம். பைசெப்ஸுக்குத் தனியாக எதுவும் வேண்டாம்.

எடை ஏறிவிடும் என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. தசை பருக்க நிறைய செட்டும் தேவைக்கு மேற்பட்ட சாப்பாடும் வேண்டும். இரண்டையும் நாம் கொடுக்கப்போவதில்லை. இந்தப் பத்து வாரத்தில் கூடும் பலத்தில் பெரும்பகுதி, இருக்கும் தசையை நரம்பு முழுமையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால் வருவது.

எங்கே வைப்பது என்பதற்கு: திங்கள், வியாழன் காலையில் ஓட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வையுங்கள், மாலைப் பயிற்சிக்கு முன் எட்டு ஒன்பது மணி நேர இடைவெளி கிடைக்கும். ஓட்டமும் எடையும் சேர்ந்தால் பலம் ஒரு கட்டத்தில் தேங்கிவிடும் என்று ஹிக்சன் என்ற ஆய்வாளர் 1980இல் காட்டினார். பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் அந்தப் பயத்தைப் பெரும்பாலும் தணித்துவிட்டன. ஆனால் இரண்டையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துச் செய்தால் வெடிப்புத்திறன் பாதிக்கப்படும் என்பது மட்டும் நிற்கிறது. ஞாயிறு ஓய்வு. ஓய்வென்றால் ஓய்வு.

பதில் 2: கார்னர் ஸ்டூல்

அம்மா தென்றல், நான் வயதானவன், நாற்பது ஆண்டுகளாக ரிங்கின் மூலையில் ஸ்டூல் போட்டுக்கொண்டிருப்பவன். மேலே தம்பி எழுதியதில் பெரும்பாலானவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மாஸ்டரின் பக்கமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் எடை தூக்கிய பையன்கள் பாடி பில்டரைப் பார்த்துத் தூக்கினார்கள். வாரம் நான்கு நாள் பெஞ்ச் பிரஸ்ஸும் கர்லும் செய்து, மறுநாள் ஜேப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) போட முழங்கை நீளாமல் வந்து நின்றார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர் சொல்லும் பேச்சு அது. அவரிடம் ஸ்குவாட், தாவல், பந்தெறிதல் என்று விளக்கிச் சொன்னால் மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பழைய முறையை மாற்றியவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. 1985இல் அமெரிக்க வீரர் மைக்கேல் ஸ்பிங்ஸ் லைட் ஹெவிவெயிட்டிலிருந்து மேலேறி ஹெவிவெயிட் சாம்பியன் லாரி ஹோம்ஸை வென்றபோது, அவரைத் தயார்செய்த மேக்கி ஷில்ஸ்டோன் நெடுந்தூர ஓட்டத்தைக் குறைத்து, குறுகிய வேக ஓட்டங்களையும் எடைப் பயிற்சியையும் புகுத்தினார் என்பது எங்கள் வட்டாரத்தில் அன்று பெரிய பேச்சு. ஆனால் ஸ்பிங்ஸ் எடை ஏற்ற வேண்டியவர், நீங்கள் ஏற்றக் கூடாதவர். பெயரைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. கை இறங்குவதற்கு உடற்திறன்தான் காரணம் என்று தம்பி நேரே போய்விட்டார். மூன்றாம் சுற்றில் கை இறங்குபவர்களில் பலர் முதல் சுற்றிலேயே அதற்கான வேலையைச் செய்துவிடுகிறார்கள். மணியடித்தது முதல் முஷ்டியை இறுக்கி வைத்திருப்பார்கள், தோள் காதுக்கருகே ஏறியிருக்கும், மூன்று குத்துகளை ஒரே மூச்சில் அடக்கிப் போடுவார்கள். முஷ்டி இலக்கைத் தொடும் அந்தக் கணத்தில் இறுகினால் போதும். மற்ற நேரமெல்லாம் கிளவுஸுக்குள் விரல்கள் தளர்ந்திருக்க வேண்டும். அடுத்த ஸ்பாரிங்கை யாரையாவது கைப்பேசியில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு குத்துக்கும் உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சுற்றுக்கு எத்தனை குத்து விட்டீர்கள், அதில் எத்தனை காற்றில் போயின என்று எண்ணுங்கள். காற்றில் போகும் குத்து, பட்ட குத்தைவிட அதிகம் களைப்பிக்கும், ஏனென்றால் கையை நீங்களே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு முன்பு 2 நிமிடம் வீதம் 4 சுற்று இருந்தது, 2017 முதல் 3 நிமிடம் வீதம் 3 சுற்று. மொத்த நேரம் 8 நிமிடம் 9 ஆனதில் பெரிதாக ஒன்றுமில்லை; மூன்று ஓய்வு இரண்டாகியதுதான் ஆட்டத்தை மாற்றியது. ஆகவே இரண்டாவது சுற்றின் நடுவில் பத்து நொடி, ஜேப் மட்டும் போட்டுச் சுற்றி மூச்சு வாங்குவது எப்படி என்று மாஸ்டரிடம் கேட்டுப் பழகுங்கள். எந்த ஜிம்மிலும் அதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

தண்டால், பஸ்கி இரண்டையும் விட்டுவிட வேண்டாம். ஆனால் ஸ்பாரிங்குக்கு முன் நூறு பஸ்கி போடவைக்கும் பழக்கம் உங்கள் கிளப்பில் இருந்தால், அதை ஸ்பாரிங்குக்குப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். களைத்த காலோடு ஸ்பாரிங் செய்வது அடிவாங்கப் பழகுவதற்கு மட்டும் உதவும். வேக ஓட்டத்தையும் செவ்வாய், வெள்ளியில் வைக்காதீர்கள், புதன்தான் சரி.

தென்றல்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றைய ஸ்பாரிங்கைப் பதிவுசெய்து பார்த்தேன். ஐயா சொன்னது போலவே, நான் சேர்த்து அடிக்கும்போது மூச்சுச் சத்தமே கேட்கவில்லை. கேள்வியில் எழுதாமல் விட்ட இரண்டு செய்திகள் உண்டு. ஒரு மாதமாக வலது கெண்டைக்கால் எலும்பின் உட்புறம் ஓடும்போது வலிக்கிறது. இரண்டு மாதமாக மாதவிடாயும் வரவில்லை; போட்டிக்குத் தயாராகும் பெண்களுக்கு இது இயல்புதான் என்று தோழிகள் சொன்னார்கள். சென்ற முறை போட்டிக்கு முன் இரண்டு நாள் தண்ணீரைக் குறைத்து, பிளாஸ்டிக் கோட் போட்டு ஓடித்தான் 54க்கு வந்தேன். இம்முறையும் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்குமா?

பதில் 3: எலும்பும் மூட்டும்

நான் விளையாட்டுப் பிசியோதெரபிஸ்ட். முதல் இரண்டு பதில்களும் நல்லவை, ஆனால் நீங்கள் இப்போது எழுதிய செய்திகள் அவற்றுக்கு முன்னால் வர வேண்டியவை.

மாதவிடாய் நிற்பது கடும் பயிற்சியின் அடையாளமோ பெருமையோ அன்று. செலவாகும் ஆற்றலுக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை, அதனால் உடல் அவசரமில்லாத வேலைகளை நிறுத்திவைக்கிறது என்பதற்கான அறிகுறி அது. பல நேரம் முதல் அறிகுறியும் அதுவே. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும். வாரம் 48 கிலோமீட்டர் ஓட்டமும் எலும்பு வலியும் இதனோடு சேர்ந்து வரும்போது அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒரு விரலால் எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி விரல் நுனி அளவு ஓரிடத்தில் சுருக்கென்று இருந்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்க முடியாவிட்டாலோ அது எலும்பில் அழுத்த விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது வழக்கம் என்பதால், எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல் எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலி நீண்ட பகுதியில் பரவலாக இருந்து, ஓடத் தொடங்கியதும் குறைந்தால் அவ்வளவு கவலையில்லை. எப்படியிருந்தாலும் மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டத்தையும் ஸ்கிப்பிங்கையும் நிறுத்துங்கள். சைக்கிள் மிதியுங்கள், நீச்சல் தெரிந்தால் நீந்துங்கள். அதே நாளில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். மூன்றாம் சுற்றுக் களைப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

எடை பற்றி. மூன்று கிலோ என்பது உங்கள் உடல் எடையில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல். நீரிழப்பு இரண்டு விழுக்காட்டைத் தாண்டினாலே தாக்குப்பிடிக்கும் திறன் குறையத் தொடங்கும். தொழில்முறைப் போட்டிகளில் முதல் நாளே எடை பார்த்து, மறுநாள் ஆடுவார்கள். அமெச்சூர் போட்டியில் ஆடும் நாள் ஒவ்வொன்றிலும் காலையில் எடை பார்ப்பார்கள். சில மணி நேரத்தில் ரிங்குக்குள் இருப்பீர்கள். வற்றிய உடல் அதற்குள் ஈடாகாது. இறுதிவரை போனால் நாலைந்து நாள் அடுத்தடுத்து அதே எடையில் நிற்க வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நேர்ந்தது நினைவிருக்கும்: வழக்கமாக 53 கிலோவில் ஆடியவர் 50க்கு இறங்கி, முதல் நாள் எடையில் தேறி மூன்று ஆட்டங்களையும் வென்றார், மறுநாள் காலை 100 கிராம் கூடுதல் என்பதால் இறுதிப்போட்டி கையைவிட்டுப் போனது. பிளாஸ்டிக் கோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 1997இன் கடைசி இரண்டு மாதங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை இறக்கும் முயற்சியில் இறந்த பிறகு, அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் அந்தக் கோட்டையே தடைசெய்தார்கள். சென்னையின் புழுக்கத்தில் வியர்வை ஆறாது, உடல் சூடு இறங்க வழியே இல்லை. அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரையை யாராவது நீட்டினால் தொடாதீர்கள். ஃபியூரோசிமைட் போன்றவை போட்டி நாளில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும் தடைசெய்யப்பட்டவை. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் சோதனையில் பிடிபட்டால், கொடுத்தவர் யார் என்று சொல்லித் தப்ப முடியாது.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: இந்த முறை 57 கிலோ பிரிவில் ஆடுங்கள். உங்கள் மாஸ்டர் எதைக் கண்டு அஞ்சினாரோ அந்தப் பிரிவிலேயே உங்கள் உடல் ஏற்கெனவே நிற்கிறது. சாப்பாட்டைக் குறைப்பதற்குப் பதில் கூட்டுங்கள். ஒரு நாளுக்குப் புரதம் 90 முதல் 110 கிராம் வேண்டும். காலையில் மூன்று முட்டை, மாலைப் பயிற்சிக்குப் பின் அரை லிட்டர் பால் என்று வைத்தாலே 34 கிராம் ஆகிவிடும்; மீதியை மதியம் மீன் அல்லது கோழி, இடையில் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவில் பருப்பு என்று நிரப்பலாம். பயிற்சிக்கு முன் சோறோ இட்லியோ சாப்பிடத் தயங்க வேண்டாம். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் ஓடுவதை முதலில் விடுங்கள், இரண்டு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும்.

பதில் 4: பட்டியாலாக்காரன்

பிசியோ எழுதியதை முழுதும் ஏற்கிறேன். நான் போட்ட வாரத் திட்டத்தை அதற்கேற்ப மாற்றிவிடலாம். தாவலும் ஓட்டமும் மருத்துவர் அனுமதிக்கும்வரை வேண்டாம். இரண்டு மெதுவான 40 நிமிடங்களையும் புதன்கிழமை 3 நிமிட வேகத்தையும் சைக்கிளில் செய்யுங்கள். இதயத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும் காலில் வலி தராவிட்டால் தொடரலாம், ஆனால் அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு. மெடிசின் பாலை உட்கார்ந்தபடியே எறியலாம்.

போட்டிக்கு முந்தைய மூன்று வாரத்தில், கால் சரியாகியிருந்தால், வேகப் பயிற்சியைச் சைக்கிளிலிருந்து பேட்டுக்கு மாற்றுங்கள்: 3 நிமிடம் ஆட்டம், 1 நிமிடம் ஓய்வு, மூன்று சுற்று, போட்டியில் உள்ள அதே கணக்கு. கடைசிப் பத்து நாளில் செட்டுகளைப் பாதியாக்குங்கள், கம்பியிலுள்ள எடையை மட்டும் குறைக்காதீர்கள். கடைசி எடைப் பயிற்சி முதல் ஆட்டத்துக்கு நாலைந்து நாள் முன்பாக முடிந்துவிட வேண்டும். கடைசி கடும் ஸ்பாரிங் அதற்கும் முன்பே.

ஐயா சொன்ன மூச்சு விஷயத்தில் எனக்கு மறுப்பில்லை. பேக் அடிக்கும்போது முதல் சுற்று முழுவதும் பாதி விசையில், ஒவ்வொரு குத்துக்கும் சத்தமாக மூச்சை வெளியே விட்டு அடியுங்கள். இரண்டாவது சுற்றில் விசையைக் கூட்டுங்கள், சத்தம் நின்றால் விசையைக் குறையுங்கள்.

பதில் 5: கார்னர் ஸ்டூல்

57இல் ஆடுவது எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் அங்கே வருபவர்களில் சிலர் உங்களைவிட உயரமாகவும் கை நீளமாகவும் இருப்பார்கள். ஆகவே ஸ்பாரிங்குக்குத் திரும்பியதும் கிளப்பில் 60 கிலோ பெண்கள் இருந்தால் அவர்களோடு வாரம் ஒரு நாள், லேசான விசையில், உள்ளே நுழைவதை மட்டும் பழகுங்கள். பெயர் கொடுக்கும் கடைசித் தேதிக்கு முன்பே பிரிவை மாற்றச் சொல்லி மாஸ்டரிடம் பேசிவிடுங்கள். மருத்துவர் எழுதிய சீட்டையும் கையில் கொண்டு போங்கள்.